எட்டு கஜம் கட்டி மலையேறலாமா?

ஆம்பிளை பாவாடை கட்டலாமா என்கிற ஆராய்ச்சியை முதலிலேயே மூட்டை கட்டிவிடலாம். கைலியோடு பால் பூத் வரை போய்விட்டு வரும் நமக்கு, ஸ்காட்லாந்துக்காரன் கட்டுகிற கில்ட்டைப் பார்த்துச் சிரிக்க யோக்கியதை கிடையாது. விஷயம் வேறு. பத்துக் கிலோ பையை முதுகில் மாட்டிக்கொண்டு, மழையிலும் சேற்றிலும் ஒரு வாரம் நடக்கும்போது கில்ட் உதவியா, உபத்திரவமா? உதவி என்றால் எந்தக் கில்ட்?

இதில் நான் மண்டையை உடைத்துக்கொண்டதற்குக் காரணம் கிளாஸ்கோவில் வேலை பார்க்கும் என் சித்தப்பா பையன். அங்கே 'வெஸ்ட் ஹைலண்ட் வே' என்று ஒரு நடைபாதை இருக்கிறது. 1980-ல் திறந்தார்கள். கிளாஸ்கோவை ஒட்டிய மில்ன்கேவியில் (எழுதுவதுதான் அப்படி, உள்ளூர்க்காரர்கள் வாயில் அது 'மல்கை'!) ஆரம்பித்து ஃபோர்ட் வில்லியம் வரை 154 கிலோமீட்டர். போன வருஷம் தம்பி இதை ஜீன்ஸ் பேண்ட்டோடு நடக்கக் கிளம்பினான். முதல் நாள் மழை. இரண்டாம் நாளும் மழை. நனைந்த ஜீன்ஸ் தொடையில் உப்புத்தாள் மாதிரி தேய்த்து, பால்மஹா என்ற ஊர் வருவதற்குள் தோல் வழண்டுவிட்டது. பஸ் ஏறித் திரும்பிவிட்டான். அவனுக்குச் சர்க்கரை வியாதி வேறு. புண் ஆற மூன்று வாரம் பிடித்தது. "அடுத்த தடவை இப்படி ஒரு புண்ணோடு என் முன்னால் வந்து நிற்காதே" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இந்த வருஷம் மறுபடி கிளம்ப ஒரு காரணம் வந்தது. கூட வேலை பார்த்த ஒருவர் புற்றுநோயில் இறந்துபோனார். கடைசி நாட்களில் அவரைப் பார்த்துக்கொண்ட இல்லத்துக்குப் பணம் திரட்ட, ஆபீஸ் நண்பர்கள் ஏழு பேர் நடப்பதாக ஏற்பாடு. எல்லோரும் கில்ட் கட்டவேண்டும் என்று தீர்மானம். சித்திரையில் நான் அங்கே போயிருந்தபோது தம்பி என்னைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணா, இந்தத் தடவை முடிச்சே ஆகணும். பாதியில திரும்பினா அந்த மனுஷனுக்கே மரியாதை இல்லை. ஆனா காலும் கெடக்கூடாது. நீங்கதான் கணக்குப் பார்த்து வாங்குவீங்களே, கூட வாங்க."

பி.காம். படித்தவனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. போனேன்.

★

கில்ட் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது 1995-ல் வந்த 'பிரேவ்ஹார்ட்' படம். அதில் வில்லியம் வாலஸ் கில்ட்டோடு குதிரையில் பறப்பார். நிஜ வாலஸ் தூக்கில் தொங்கியது 1305-ல். கில்ட் வந்தது அதற்கு ஏறக்குறைய முந்நூறு வருஷம் கழித்து. சினிமாவில் இதெல்லாம் சகஜம் ஸார்!

முதலில் வந்தது பெரிய கில்ட். தைத்த துணியே இல்லை. நீளமான கம்பளித் துணியைத் தரையில் விரித்து, கொசுவம் வைத்து, அதன்மேல் படுத்து, இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு எழுந்திருப்பார்களாம். மிச்சத் துணி தோளுக்கு மேல். மழை வந்தால் தலைக்கு. ராத்திரி அவிழ்த்தால் போர்வை. மாடு ஓட்டிக்கொண்டு மலையில் திரிந்தவனுக்கு உடை, கோட்டு, படுக்கை மூன்றும் ஒரே துணியில் முடிந்தது. முதுகில் மூட்டை தூக்குகிறவர்கள் பொறாமைப்படவேண்டிய சிக்கனம். இடுப்புக்குக் கீழே மட்டும் கட்டும் சின்னக் கில்ட் பதினெட்டாம் நூற்றாண்டில் பரவியது. அதைக் கண்டுபிடித்ததே ஓர் ஆங்கிலேய இரும்பாலை முதலாளிதான் என்று ஒரு கட்சி. இல்லவே இல்லை என்று ஒரு கட்சி. இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

1745-ல் நடந்த கலகத்தை அடக்கிய பிறகு, 1746-ல் ஹைலண்ட் உடைக்கே தடை போட்டது லண்டன் அரசாங்கம். முதல் தடவை மாட்டினால் ஆறு மாதம் ஜெயில்; மறுபடி மாட்டினால் ஏழு வருஷம் நாடு கடத்தல். ராணுவத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. 1782-ல் தடையை எடுத்தார்கள். 1822-ல் நான்காம் ஜார்ஜ் ராஜாவே எடின்பரோவுக்குக் கில்ட் கட்டிக்கொண்டு வந்தார், உள்ளே ரோஸ் கலர் கால்சட்டையோடு! அந்த விஜயத்தை ஏற்பாடு செய்தவர் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். கல்யாண மண்டபத்தில் இன்று பார்க்கிற ஜம்ப கில்ட்டுக்கு மூலம் அந்த ஜோடனைதான். மலையில் நடக்கிறவன் தேடவேண்டியது அதை அல்ல.

★

முதல் கடையில் பெரியவர் ஒருவர் அளவு நாடாவை மாலையாகப் போட்டுக்கொண்டு வரவேற்றார். கையால் தைத்த எட்டு கஜக் கம்பளிக் கில்ட்டை எடுத்து மேஜைமேல் போட்டார். 'தொம்' என்று சத்தம் கேட்டது.

எட்டு கஜம் என்றால் நம்ம எட்டு முழ வேட்டியைப் போல இரண்டு மடங்கு. மடிசாருக்கு ஒரே ஒரு கஜம்தான் குறைச்சல். அத்தனையும் முதுகுப் பக்கம் கொசுவமாகப் போய்விடுகிறது. முன்பக்கம் இரண்டு அடுக்குப் பட்டையாக மூடுகிறது. இரட்டை அகலத்தில் நாலு கஜம் வாங்கி, நீளவாக்கில் கிழித்து எட்டாக்குவார்கள். துணி கஜத்துக்கு 16 அவுன்ஸ். நாலு கஜத்துக்கு 64 அவுன்ஸ், அதாவது 1.8 கிலோ. லைனிங், தோல் வார், பக்கிள் எல்லாம் தனி. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரம் தெரியாமல் இருக்கும். அந்த நல்ல குணத்தால் இன்னும் அரைக் கிலோ ஏறும். கொட்டுகிற மழையில் அதற்கும் மேலே.

முதல் உலக யுத்தத்தில் (1914-18) பதுங்கு குழிகளில் கில்ட் கட்டிய சிப்பாய்கள் பட்டபாடு இதற்குச் சாட்சி. கொசுவத்தில் சேறு அப்பி, குளிரில் அது உறைந்து, நடக்க நடக்கக் கீழ் ஓரம் முழங்கால் பின்புறத்தை அறுத்திருக்கிறது. மடிப்புக்குள் பேன் குடித்தனம் வேறு. 1940-க்குப் பிறகு யுத்த களத்தில் சிப்பாய்களின் வழக்கமான உடையாகக் கில்ட் இருக்கவில்லை.

ஆனாலும் கம்பளியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நனைந்தாலும் சூடு காக்கும். நாலு நாள் கட்டினாலும் நாறாது. கனம் இருப்பதால் காற்றில் பறக்காது; மலை உச்சியில் இது சாதாரண விஷயமில்லை. விலைதான் நானூறு, ஐந்நூறு பவுண்டுக்கு மேலே. நம்ம பணத்தில் அரை லட்சம்! ஏழு நாள் நடைக்கு ஐந்நூறு பவுண்டு என்றால் ஒரு நாளைக்கு எழுபத்தொன்று. முப்பது வருஷம் உழைக்கும் என்று தேய்மானம் போட்டால் வருஷத்துக்குப் பதினேழுகூட ஆகாது. தம்பி முப்பது வருஷம் இதே இடுப்போடு இருப்பானா என்பதற்குத்தான் கணக்கில் ஃபார்முலா இல்லை.

அடுத்த கடை, டூரிஸ்ட்டுகளுக்கானது. முப்பது, நாற்பது பவுண்டுக்கு அக்ரிலிக் கில்ட். பளபளவென்று இருக்கிறது, இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தால் கொசுவம் கலைந்துவிடுகிறது. அடுப்பு, நெருப்புப் பக்கத்தில் அக்ரிலிக் உருகித் தோலில் ஒட்டும். கூடாரத்து வாசலில் கேஸ் அடுப்பு பற்றவைத்து நூடுல்ஸ் கிண்டுகிறவனுக்கு இது வேண்டாத வம்பு. நைலானும் உருகும், அதையும் சொல்லிவிடவேண்டும்.

மூன்றாவது வகை பருத்தி. கித்தான் மாதிரி கெட்டித் துணி, பக்கத்தில் பெரிய பெரிய பாக்கெட், டிச் பட்டன். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் 2000-ல் ஆரம்பித்த 'யூட்டிலிகில்ட்ஸ்' கம்பெனி பிரபலப்படுத்திய மாடல். கார் ரிப்பேருக்கும் தோட்ட வேலைக்கும் அருமையான சமாசாரம். மழைக்காட்டில் ஆகாது. நனைந்த பருத்தி காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சும். போன வருஷத்து ஜீன்ஸும் பருத்திதானே! அதே எதிரியைக் கில்ட் வேஷத்தில் மறுபடி வீட்டுக்குக் கூட்டிவருவானேன்?

மிச்சம் இருப்பது பாலியெஸ்டர் கலப்பு. பாலியெஸ்டர்-விஸ்கோஸ் என்று கட்டம் போட்ட துணியிலும் வருகிறது. மலை நடைக்கென்றே மெல்லிய சாதாத் துணியிலும் தைக்கிறார்கள். அமெரிக்காவில் 4,265 கிலோமீட்டர் பசிபிக் க்ரெஸ்ட் பாதையை மெக்ஸிகோ எல்லையிலிருந்து கனடா எல்லைவரை நடக்கிறவர்களில் சிலர் கட்டுவது இந்த ஜாதிதான். கம்பளியில் பாதி கனம்கூட இருக்காது. பிழிந்து உதறிக் காற்றில் தொங்கவிட்டால் சீக்கிரம் காயும். வாஷிங் மெஷினுக்குப் பயப்படாது. குறை, காற்று. மெல்லிய துணி மலை முகட்டில் குடை மாதிரி விரியும்.

அந்த நேரத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்கிற உலகப் பிரசித்தி பெற்ற கேள்விக்கு வருவோம். அசல் ஸ்காட்லாந்துக்காரன் ஒன்றும் போடமாட்டான் என்று ஐதீகம். இருக்கட்டும். கில்ட் கட்டினால் துணி தொடையில் உரசாது; ஆனால் தொடையும் தொடையும் உரசும். வியர்வை காய்ந்தால் உப்பு. உப்போடு ஒரு நாளைக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் என்றால் ஜீன்ஸே தேவலை என்று ஆகிவிடும். 'கில்ட் கட்டினால் புண்ணே வராது' என்று சொல்கிறவர்கள் ஒல்லிக் காலர்களாக இருக்கவேண்டும். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடுகிற மாதிரி இறுக்கமான, பாதித் தொடை வரும் மெல்லிய ஷார்ட்ஸ் உள்ளே கண்டிப்பாக வேண்டும். தையல் உள் தொடையில் வராததாகப் பார்த்து இரண்டு. ஒன்று உடம்பில், ஒன்று பைமேல் காய்ந்துகொண்டு. தம்பி விஷயத்தில் கில்ட்டைவிட இந்த ஷார்ட்ஸுக்குத்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். காற்றுப் பிரச்னையும் மானப் பிரச்னையும் அதிலேயே தீர்ந்தன.

★

கில்ட் வாங்கும்போது யாரும் யோசிக்காத ஒன்று முதுகுப்பை. நல்ல பையில் பாரத்தின் பெரும்பகுதி தோளில் இல்லை, இடுப்பு பெல்ட்டில். அந்த பெல்ட் உட்காரும் இடம் இடுப்பெலும்பு. முறைப்படி தைத்த கில்ட்டோ தொப்புள் உயரத்தில் ஆரம்பித்து, இடுப்பு வளைவுவரை கொசுவத்தைத் தைத்து அடக்கிய கெட்டி அடுக்கு. போதாததற்கு வலது பக்கம் இரண்டு பக்கிள், இடது பக்கம் ஒன்று. வலது பக்கத்துக் கீழ் பக்கிள் சரியாகப் பை பெல்ட்டுக்கு அடியில் மாட்டும். பத்து நிமிஷம் தெரியாது. பத்து மணி நேரத்தில் எலும்பு சொல்லும்.

அதனால் கடைக்குப் போகும்போது பாரத்தோடு பையை எடுத்துப் போகச் சொன்னேன். தம்பி வீட்டில் பாரத்துக்கு என்ன இருக்கும்? பத்துக் கிலோ சோனா மசூரி மூட்டையை அப்படியே பைக்குள் இறக்கிக்கொண்டு வந்துவிட்டான். கில்ட்டைக் கட்டி, பையை மாட்டி, கடைக்குள்ளேயே பத்து ரவுண்டு நடந்தான். "பையிலே என்ன?" என்று கேட்டார் கடைக்காரர். "அரிசி" என்றான் இவன். அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

அந்த ரவுண்டில்தான் எல்லாம் தெரிந்தது. ஒரு கில்ட்டில் வெல்க்ரோ பட்டை பெல்ட்டுக்குக் கீழே மடங்கிக் குத்தியது. வெல்க்ரோவில் சேறும் நூலும் ஏறினால் பிடிப்பும் போய்விடும். இன்னொன்றில் பையின் அடிப்பாகம் கொசுவத்தை அழுத்தி வாலாகத் தூக்கியது. கடைசியில் தேறியது, கொசுவம் குறைவாக, பட்டையாக இருந்த சாம்பல் நிறக் கில்ட். இடுப்பெலும்புக்குக் கீழேயே உட்காருகிறது. டிச் பட்டன் முன்பக்கம். இரண்டு வரிசை பட்டன் இருப்பதால் இடுப்பு இளைத்தால் உள்ளே தள்ளிப் போட்டுக்கொள்ளலாம். நீண்ட நடையில் எல்லோருக்கும் இளைக்கும். நமக்கு அந்த பாக்கியம் எப்போது என்று தெரியவில்லை.

அளவு எடுக்கும்போது பேண்ட் சைஸைச் சொல்லிவிடாதீர்கள். பேண்ட்டில் 34 என்று போட்டிருப்பது கம்பெனிக்காரன் நமக்குக் காட்டும் கருணை. நாடா வைத்து அளந்தால் 36, 37 என்று உண்மை வெளியே வரும். நீளத்துக்கு மண்டி போடவேண்டும்: முதுகு நிமிர்த்தி மண்டி போட்டால் கீழ் ஓரம் தரையைத் தொடாமல் ஓர் அங்குலம் மேலே நிற்கவேண்டும். பிறகு ஒரு காலைத் தூக்கி நாற்காலிமேல் வையுங்கள். முன்பட்டை இழுத்துப் பிடித்தால் அந்தக் கில்ட் மலையில் உயரமான கற்படியில் உங்களைக் கவிழ்க்கும். காலை இறக்கி, உட்கார்ந்தும் பாருங்கள். பின்கொசுவத்தைக் கையால் தடவிச் சேர்த்து உட்காரவேண்டும். பாவாடை தாவணிப் பெண்கள் செய்வதைப் பார்த்தவர்களுக்குப் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை.

தம்பிக்கு ஓர் ஏமாற்றம். "அண்ணா, கட்டம் போட்டது இல்லையே. டார்ட்டன் இல்லாம கில்ட்டா?"

"நீ எந்தக் குலம்டா, டார்ட்டன் கேட்கறே?"

வேடிக்கைக்குத்தான் கேட்டேன். இன்ன குலத்தான் இன்ன கட்டம்தான் கட்டவேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. 'பிளாக் வாட்ச்' என்ற ராணுவக் கட்டம் கரும்பச்சையும் நீலமுமாக யாரும் கட்டலாம், சேறும் தெரியாது. ஆனால் அந்தத் துணியில் வந்தது பக்கிள் வைத்த மாடல். சண்டை போடாமல் ஒரு வழி சொன்னேன். ஸ்காட்லாந்தில் கல்யாணத்துக்குக் கில்ட் வாடகைக்குக் கிடைக்கும். நடப்பதற்குச் சாம்பல் நிறம். முடித்த பிறகு ஆபீஸ் விருந்தில் போட்டோவுக்கு எட்டு கஜம் வாடகைக்கு. முதலீடு கம்மி, மரியாதை முழுசு.

முன்னால் தொங்கும் அந்தத் தோல் பை, 'ஸ்போரன்', மலையில் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு அடிக்கும் ஓர் உதை. அது எங்கே விழும் என்று விளக்கத் தேவையில்லை. பக்கப் பாக்கெட் போதும், மூடி இருக்கவேண்டும். கனமானதைப் போட்டால் முழங்காலில் மணி அடிக்கும். தம்பி வலது பாக்கெட்டில் குளுக்கோஸ் மாத்திரை மட்டும் வைத்தான். சர்க்கரை இறங்கிக் கை நடுங்கும்போது முதுகுப்பையைக் கழற்றித் தேட முடியாது. முன்பட்டையில் குத்தும் ஊக்கு ஒன்று உண்டே, அது மேல் பட்டையில் மட்டும் குத்துவது. காற்றுக்குப் பயந்து இரண்டையும் சேர்த்துக் குத்தினால் நடக்கிற வேகத்தில் துணி கிழியும்.

★

வெறுங்காலில் இரண்டு ஆபத்து. ஒன்று மிட்ஜ் என்கிற பொடிப்பூச்சி. மே கடைசியிலிருந்து செப்டம்பர்வரை மேகம் மேகமாக வரும். காற்று மணிக்கு ஏழு மைலுக்கு மேல் அடித்தால் பறக்க முடியாது. கடிச்சல்தான், உயிருக்கு ஒன்றுமில்லை. இவர்கள் மே முதல் வாரத்திலேயே கிளம்பியதால் தப்பித்தார்கள். இரண்டாவது, உண்ணி. புல்லிலும் புதரிலும் காத்திருந்து காலில் ஏறும். கடித்தால் லைம் என்ற நோய் வரலாம். அமெரிக்காவில் லைம் என்ற ஊரின் பெயரால் வந்த நோய், ஸ்காட்லாந்து மலைகளிலும் உண்டு. முழங்கால்வரை நீளமான கம்பளி சாக்ஸ், தோலில் பூச்சி விரட்டும் மருந்து, கில்ட் துணியில் பெர்மெத்ரின். இதற்குமேல் தினம் ராத்திரி டார்ச் அடித்து முழங்கால் பின்புறம், தொடை இடுக்கு எல்லாம் பார்த்தாகவேண்டும். இருந்தால் ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுப்பது. எண்ணெய் விடுவது, நெருப்புக் காட்டுவது எல்லாம் கூடாது.

பையின் அடியில் ஒரு மெல்லிய மழைப் பேண்ட்டும் வைக்கச் சொன்னேன். தம்பி முறைத்தான். கில்ட் பக்தர்கள் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். பக்கவாட்டில் ஆலங்கட்டி அடிக்கும்போது பக்தி உதவாது.

நாலாம் நாள் அவர்கள் ரானக் மூர் என்ற வெட்டவெளியைக் கடந்தார்கள். மரமில்லை, வீடில்லை, கரி படிந்த சதுப்பு நிலம். மூன்று மணி நேரம் மழை. அன்று ராத்திரி போன் வந்தது.

"அண்ணா, கால் நனைஞ்சது, நின்னப்புறம் துடைச்சுட்டேன், காஞ்சுடுச்சு. அவ்வளவுதான். பேண்ட் போட்டவங்க ரெண்டு பேர் இன்னும் ஹீட்டர் முன்னாடி நிக்கறாங்க."

"தொடை?"

"பார்த்துட்டேன். சுத்தம். உண்ணி ஒண்ணு மட்டும் இடது முழங்கால் பின்னாடி. எடுத்துட்டோம்."

மறுநாள் 'பிசாசுப் படிக்கட்டு' என்ற ஏற்றம்; பாதையிலேயே உயரமான இடம், 550 மீட்டர். அங்கே காற்றில் கில்ட் தலைக்குமேல் போனதாகவும், எதிரே வந்த வயதான தம்பதி கைதட்டியதாகவும் தகவல். ஏழாம் நாள் ஃபோர்ட் வில்லியம். பாதை முடிகிற இடத்தில் உட்கார்ந்து வலிக்கிற காலைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதனின் வெண்கலச் சிலை இருக்கிறது. அதன் பக்கத்தில் தம்பியும் அதே போஸில் படம் எடுத்து அனுப்பினான். எண்பது பவுண்டு கில்ட்; நாள் ஒன்றுக்குப் பதினொன்றரை. போன வருஷப் புண்ணுக்கு அவன் லீவு போட்டதையும் மருந்துக் கட்டு மாற்ற அலைந்ததையும் கணக்கில் எடுத்தால் லாபம்தான்.

துவைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கலப்புத் துணியைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, கொசுவம் கலையாமல் கீழ் ஓரத்தில் கிளிப் மாட்டித் தொங்கவிடவேண்டும். ஊருக்கு எடுத்துப் போக, பேக்பைப் வாசிக்கிறவர்கள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். கில்ட்டை நீளவாக்கில் உருளையாகச் சுருட்டி, பெண்கள் போடும் பழைய நீள ஸ்டாக்கிங்கின் ஒரு காலுக்குள் செருகிவிடுவார்கள், மடிப்பு அசையாது. தம்பி இதைக் கேட்டுவிட்டு, ராத்திரி பதினொரு மணிக்கு மனைவியை எழுப்பி, "உன் ஸ்டாக்கிங் ஒண்ணு கொடேன், எனக்கு அவசரமா வேணும்" என்றிருக்கிறான். அதன் பிறகு அந்த வீட்டில் நடந்த விசாரணை தனிக் கட்டுரை.